கத்தியை அப்புறம் வரையலாம்: ஃபேன்டஸி உலகத்துக்குப் போர்க்குடி, மந்திரம், படை அமைக்க ஒரு வழிகாட்டி

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எழுதும் ஃபேன்டஸி கதைகளைப் படித்தால் ஒன்று தவறாமல் கண்ணில் படும். எழுதியவர் இருப்பது வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ. கதையில் கொட்டுவது பனி. பைன் மரக் காடு, மலை உச்சியில் கல் கோட்டை, இரும்புக் கவசம் மாட்டிய குதிரை வீரன். அவனுடைய வாளுக்கு ஒரு பெயர், அதன் பிடியில் என்ன கல் பதித்திருக்கிறது என்பதற்கு அரைப் பக்கம். சரி, அந்த வீரன் காலையில் என்ன சாப்பிட்டான், குதிரைக்குப் புல் எங்கிருந்து வந்தது, சண்டை இல்லாத மாதத்தில் அவனுக்கு என்ன வேலை என்று கேட்டால் பதில் வராது.

பனியை எழுதவே கூடாது என்றில்லை. ஆனால் புதிதாக எழுத வருகிறவருக்குத் தெரிந்த மண்ணிலிருந்து ஒரு போர்க்குடியை எழுப்புவதுதான் சுலபம். வடசென்னையில் அதற்கு வேண்டிய சரக்கு கொட்டிக் கிடக்கிறது. கழிமுகம், உப்பளம், துறைமுகம், மதில், முற்றுகை நடந்த கோட்டை எல்லாமே ஒரு பஸ் தூரம்.

சண்டை இல்லாத நாளில் என்ன வேலை?

நோட்டில் முதலில் எழுத வேண்டிய கேள்வி இது. அந்த மக்கள் எதைச் செய்து பிழைக்கிறார்கள்? ஆயுதம், போர்க்காலம், மானம், பயம் எல்லாம் இந்தப் பதிலிலிருந்துதான் கிளை பிரியும்.

உதாரணத்துக்கு ஒரு குடியைச் செய்து பார்ப்போம். பெயர் கழியர். எண்ணூர் மாதிரி ஒரு கழிமுகத்தில் இருக்கிறார்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், நடுவில் முழங்கால் வரை புதையும் சேறு. இறாலும் உப்பும்தான் பிழைப்பு. இவர்கள் கையில் இரும்பு வாளைக் கொடுத்தால் உப்புக் காற்று அதைத் தின்றுவிடும். எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். ஆகவே வாள் வைத்திருப்பவன் பணக்காரன், அவ்வளவுதான். அவன் நல்ல வீரன் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

அன்றாட ஆயுதம் படகு தள்ளும் கோல். ஆழமில்லாத தண்ணீரில் துடுப்பு வேலைக்கு ஆகாது, கோலை ஊன்றித்தான் தள்ள வேண்டும். ஆடுகிற படகின் விளிம்பில் நின்று நாள் முழுக்கக் கோல் ஊன்றுகிறவனுக்குக் கால் பிடிப்பும் தோள் வலுவும் தானாக வரும். சண்டையிலும் அவன் கோலை வீசமாட்டான், குத்தித் தள்ளுவான். எதிரியைக் கொல்வது அவன் குறி இல்லை; சேற்றில் சாய்த்தால் போதும். கவசம் போட்டவன் ஒரு தடவை சாய்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம். மிச்சத்தைச் சேற்றுக்குள் கையால் தடவி இறால் பிடித்துப் பழகியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எண்ணூர் பக்கம் இறால் தடவும் வேலையைப் பெண்களும் செய்கிறார்கள். அப்படியென்றால் கழியர் படையில் பெண்கள் இருப்பதற்குத் தனியாக ஒரு காரணமோ, வீர வசனமோ தேவையில்லை. அவர்கள் இல்லாமல் அந்தச் சண்டையே நடக்காது.

சிலம்பத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு. வயலுக்குப் போகிறவனும் மாடு மேய்க்கிறவனும் கையில் எடுத்துப் போகலாம், எந்த அரசனாலும் முழுசாகப் பிடுங்கிவிட முடியாது. உங்கள் உலகத்தில் ஆயுதம் தடை செய்யப்பட்ட ஒரு குடி இருந்தால், அவர்கள் கையில் எது மிஞ்சும் என்று யோசியுங்கள். அதிலிருந்துதான் அவர்களுடைய சண்டைக் கலை பிறக்கும்.

அடுத்தது காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் காசிமேட்டில் படகுகள் வரிசையாக நிற்கும். பலகை மாற்றுவார்கள், வண்ணம் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். உடம்பில் வலு இருக்கிறது, கையில் காசு இல்லை, பொழுது போகவில்லை. ஒரு கற்பனைக் குடிக்கு இதைவிடப் பொருத்தமான கொள்ளைப் பருவம் உண்டா? விவசாயக் குடி என்றால் அறுவடைக்குப் பின்னால் சண்டைக்கு வரும், விதைப்புக்கு முன்னால் வீடு திரும்பிவிடும். உங்கள் படை வருஷம் முழுக்கச் சண்டை போடுகிறதா? அப்படியானால் அவர்களுக்கு வேறு யாரோ சோறு போடுகிறார்கள். யார் என்று எழுதி வையுங்கள்.

எதைக் கொள்ளையடிப்பார்கள் என்பதும் முக்கியம். தமிழ் இலக்கணத்தில் போரின் முதல் திணை வெட்சி, அதாவது ஆநிரை கவர்தல். மாடுதான் செல்வம், அதனால் மாட்டைக் கவர்வதுதான் போரின் தொடக்கம். கழியர் மாட்டை வைத்துக்கொண்டு சேற்றில் என்ன செய்வார்கள்? அவர்கள் படகையும் உப்பு மூட்டையையும் கவர்வார்கள். புறத்திணைகளை ஒரு முறை வரிசையாகப் படித்துவிடுங்கள்: நிரை கவர்வதில் தொடங்கி, மண்ணாசையில் படையெடுப்பது, மதிலை வளைப்பது, களத்தில் நேருக்கு நேர் நிற்பது, வெல்வது, நிலையாமையை உணர்வது என்று போகிறது. கதைப் பின்னல் அமைக்க இதைவிட நல்ல படிக்கட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

மானம் எங்கே இருக்கிறது?

“இவர்கள் மானம் மிகுந்த வீரர்கள்” என்று எழுதுவது எதையும் எழுதாததற்குச் சமம். எதைச் செய்தால் மானம் போகும், போனால் என்ன செய்வார்கள் என்று எழுத வேண்டும். சேரமான் பெருஞ்சேரலாதனைப் பாருங்கள். வெண்ணிப் போரில் கரிகாலனோடு மோதியதில் அவனுக்கு முதுகில் புண் பட்டுவிட்டது. அதற்கு நாணி வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து பட்டினி கிடந்து, உயிர் விட்டான். முதுகுப் புண் என்ற ஒரு விதி இருந்தால் போதும். படை எப்படிப் பின்வாங்கும்? முகத்தை எதிரிக்குக் காட்டிக்கொண்டே பின்னால் நடந்தா? மருத்துவன் முதுகுப் புண்ணை மார்புப் புண் என்று பொய் சொல்ல எவ்வளவு காசு கேட்பான்? ஒரே விதியிலிருந்து கதைகள் வந்துகொண்டே இருக்கும்.

மானத்தை மனிதர் மேல்தான் வைக்க வேண்டும் என்றில்லை, ஒரு பொருளின் மேலும் வைக்கலாம். சங்க கால அரசர்களுக்குக் காவல் மரம் இருந்தது, அரசின் அடையாளமாகக் காத்து வந்த மரம். மோகூர்ப் பழையனின் காவல் மரமான வேம்பை வெட்டி, சேரன் செங்குட்டுவன் அதிலேயே முரசு செய்துகொண்டான். தோற்றவனின் மரம் வென்றவனின் முரசாக அதிர்கிறது. இதற்கு மேல் மந்திரம் எதற்கு?

அரசனே இல்லாத போர்க்குடியும் உண்டு. வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகள். ஒவ்வொன்றுக்கும் வாத்தியார்கள், சிஷ்யர்கள், தலைமுறை தாண்டிய பகை. கோட்டையும் இல்லை, கொடியும் இல்லை. பகலில் உழைத்துப் பிழைத்தவர்கள் மாலையில் கையுறை மாட்டினார்கள். தோற்றால் நிலம் போகாது, பரம்பரையின் பெயர் போகும். அதற்காகவே உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டிருக்கிறார்கள். இந்த அமைப்பை அப்படியே எடுத்து ஒரு கற்பனை நகரத்துக்குள் வைத்துப் பாருங்கள். அரசன் மாறுவான், வரி மாறும், வாத்தியார் மட்டும் மாறமாட்டார். அப்படி ஒரு ஊரைப் பிடிக்க வருகிற படைத்தலைவன் யாரிடம் சரணாகதி கேட்பான்?

சரி, சண்டைக்குப் போவது யார் என்பதை யார் முடிவு செய்வது? பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை இருக்கிறது. எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பது முறை வைத்துச் சுழலும், நல்ல இடத்தை ஒருவரே பிடித்துக்கொள்ள முடியாது. கழியர் காவல் பணியையும் இப்படி முறை வைத்துச் சுற்றட்டும். இன்றைக்கு முகத்துவாரக் காவல் யார் முறை? கோழையின் முறை வரும் நாளில் எதிரி வருகிறான். இப்போது உங்களிடம் ஒரு கதை இருக்கிறது.

கொள்ளைப் பொருளைப் பிரிப்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. மீன்பிடியில் செலவு போக மிச்சத்தைப் பங்கு போடும்போது ஆளுக்கு மட்டும் இல்லை, படகுக்கும் வலைக்கும்கூடப் பங்கு உண்டு. போரில் படகு கொடுத்தவள் கரையில் இருந்தாலும் பங்கு வாங்குவாள். செத்தவனின் பங்கு யாருக்கு என்பதை மட்டும் நீங்கள் தெளிவாக முடிவு செய்துவிடுங்கள். போர் முடிந்த மறுநாள் காலை நடக்கிற சண்டை பெரும்பாலும் அதைப் பற்றித்தான் இருக்கும்.

மந்திரத்துக்கு எல்லைக் கல் நடுங்கள்

புதியவர்களின் கதையில் மந்திரம் கைகாட்டினால் வருகிறது, கதாநாயகன் களைத்துப்போனால் நிற்கிறது. களைப்பு ஒரு விலையே இல்லை, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். மந்திரத்துக்கு விலை வேண்டும், எல்லை வேண்டும், அதைக் கையில் வைத்திருப்பவர் யார் என்று தெரிய வேண்டும். அப்புறம் எதிரி அதை எப்படி உடைப்பான் என்பதையும் நீங்களே முதலில் கண்டுபிடித்துவிட வேண்டும்.

ஆடி மாதம் அம்மன் கோயில்களில் காப்பு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். காப்பு கட்டிக்கொண்டவர் திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கும் வரை விரதம் இருக்க வேண்டும், ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பார்கள். காலம், இடம், கட்டுப்பாடு மூன்றும் உள்ள ஒரு அமைப்பு நம் தெருவிலேயே இருக்கிறது. இதைக் கழியருக்குக் கொடுப்போம்.

கழியரில் காப்பு கட்டியவரைத் தண்ணீர் கொல்லாது. சேற்றுக்கு அடியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் படுத்திருக்கலாம். விலை என்ன? எல்லைக் கல்லைத் தாண்டினால், அதுவரை மூச்சு விடாமல் இருந்த நேரமெல்லாம் ஒரே கணத்தில் வந்து சேரும். கரையில், வெயிலில், காய்ந்த மண்ணில் நின்றபடியே மூழ்கிச் சாவார்கள். காப்பு கட்டும் கிழவியும் அத்தனை நாளும் உடன் விரதம் இருக்க வேண்டும். அதனால் ஒரு கிழவி ஒரு சிலருக்குத்தான் கட்ட முடியும்.

இந்த மூன்று நான்கு வரியில் எவ்வளவு வருகிறது பாருங்கள். கழியரைச் சொந்தக் கழியில் யாராலும் வெல்ல முடியாது, ஆனால் தோற்று ஓடுகிறவனை அவர்களால் துரத்தவும் முடியாது. ஆகவே அவர்கள் பேரரசு ஆகவே மாட்டார்கள். புத்திசாலி எதிரி சண்டைக்கு வரமாட்டான். ராத்திரியில் ஆள் அனுப்பி எல்லைக் கல்லை இருபது அடி உள்ளே நகர்த்தி வைப்பான். இல்லையென்றால் காப்பு அவிழ்க்கும் நாளுக்காகக் காத்திருப்பான். ஊருக்குள் கிழவிகளின் சொல்லுக்குத் தலைவனின் சொல்லைவிட எடை அதிகம். ஒரு கிழவி தன் பேரனுக்குக் காப்பு கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டால் அதுவே ஒரு அத்தியாயம்.

மந்திரம் இப்படிச் சடங்காகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, தொழிலாகவும் இருக்கலாம். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் ஜெல்ட்ரியா கோட்டை கட்டி, வெடிமருந்து ஆலையும் நடத்தினார்கள். வெடிமருந்துக்கு வெடியுப்பு, கந்தகம், கரி வேண்டும். வெடியுப்பைச் சேகரித்துக் காய்ச்சிச் சுத்தம் செய்ய ஒரு கூட்டம், கரி சுட ஒரு கூட்டம், நெருப்பு படாமல் அரைத்துக் காயவைக்க ஒரு கூட்டம், ஈரம் படாமல் ஏற்றி அனுப்பக் கப்பல். பீரங்கி வெடிக்கும் அந்த ஒரு நொடிக்குப் பின்னால் இத்தனை கைகள். உங்கள் மந்திரவாதி வீசும் நெருப்புக்குப் பின்னால் எத்தனை பேர் உழைத்தார்கள்? “யாரும் இல்லை” என்றால், அந்த உலகத்தில் மற்ற எல்லாப் படையும் ஏன் இன்னும் இருக்கின்றன என்பதற்குப் பதில் வைத்திருங்கள்.

மந்திரத்தின் சேதத்தைவிட அதன் பயம் பெரிது என்பதையும் மறக்கக் கூடாது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஒற்றை ஜெர்மன் கப்பல் சென்னைக் கடலுக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு வீசிவிட்டுப் போனது. எல்லாம் சில நிமிடங்களில் முடிந்தது. ஆனால் மறுநாள் முதல் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைக் காலி செய்தார்கள். பெரிய மந்திரத்தை ஒரே ஒரு முறை காட்டுங்கள். அதற்குப் பிறகு அது திரும்ப வருமா என்ற வதந்தி கதையை இழுத்துக்கொண்டு போகும்.

கணக்குப் போடாத படை நகராது

இந்தப் பகுதி பலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

5,000 காலாட்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ அரிசி என்று வையுங்கள். நாளைக்கு 5,000 கிலோ. ஒரு மாட்டு வண்டி 500 கிலோ இழுக்கும் என்றால் ஒரு நாள் சோற்றுக்குப் பத்து வண்டி. இருபது நாள் பயணம் என்றால் 200 வண்டி, 400 மாடு. வண்டிக்காரர்களும் சாப்பிடுவார்கள், மாடுகளும் தின்னும். அதற்கு இன்னும் வண்டி. இதில் கம்பீரத்துக்காக ஐம்பது யானையைச் சேர்க்கிறீர்கள். வளர்ந்த யானை ஒரு நாளைக்கு 150 கிலோ அளவுக்குத் தீனி தின்னும். ஐம்பது யானைக்கு 7,500 கிலோ, மொத்தக் காலாட்படையின் அரிசியைவிட அதிகம். போகிற வழியெல்லாம் பச்சை இருந்தால்தான் யானைப்படை. வறண்ட பகுதியில் யானைப்படை வந்தது என்று எழுதினால், எதைத் தின்றது என்றும் எழுத வேண்டும்.

குதிரைக்கும் அப்படித்தான். தமிழகத்து அரசர்கள் நல்ல குதிரைகளை அரபு நாட்டிலிருந்து கப்பலில் வரவழைத்தார்கள். குதிரைப்படை வைத்திருக்கிற அரசனுக்கு ஒரு துறைமுகமாவது கையில் இருக்க வேண்டும், அல்லது துறைமுகக்காரனிடம் கடன் இருக்க வேண்டும். நம் கழியரின் எதிரிகளை மேட்டார் என்று வைத்துக்கொள்வோம். மேட்டு நிலத்துக் குதிரைப் படை. குதிரை வந்து இறங்குவது கழியரின் முகத்துவாரத்தில். இப்போது இந்தப் பகைக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

இன்னொன்று. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபடும். மழைக்கால வெள்ளம் வந்தால் உடைத்துக்கொண்டு போகும். கழியரின் படகுகள் எல்லாம் உள்ளே, வாய் அடைத்துக் கிடக்கிற மாதத்தில் எதிரிக் கப்பல் வெளியே நின்றால்? மணல் மேட்டை வெட்டித் திறக்க மண்வெட்டியோடு போகிறவர்களை வைத்து ஒரு போர்க் காட்சி எழுதலாம். வாள் சண்டையைவிட நன்றாக இருக்கும்.

மதிலுக்கு யார் காசு கொடுத்தது?

கோட்டை வரையும்போது மதிலின் உயரத்தை எழுதுகிறோம், அதற்கான செலவை எழுதுவதில்லை. சென்னையில் அந்தச் செலவு ஒரு சாலையின் பெயராகவே நிற்கிறது: வால்டாக்ஸ் சாலை, அதாவது மதில் வரிச் சாலை. 1769இல் ஹைதர் அலி சென்னையின் வாசல் வரை வந்து ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இழுத்தார். அந்தக் காலகட்டத்தில் கறுப்பர் நகரத்தை (இன்றைய ஜார்ஜ் டவுன்) சுற்றி மதில் எழுப்பி, அந்தச் செலவை உள்ளே குடியிருப்பவர்களின் தலையில் வரியாகக் கட்ட நினைத்தார்கள். மதிலின் ஒரு துண்டு இன்றைக்கும் பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மாடிப் பூங்காவாக இருக்கிறது. எழுதத் தொடங்குமுன் ஒரு நடை போய், அதன் தடிமனைக் கண்ணால் அளந்துவிட்டு வாருங்கள்.

மதிலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். 1758 டிசம்பரில் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டது. கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த வீடுகள் எதிரிக்கு மறைவிடம் ஆகிவிட்டன. அந்தப் போர்க் காலத்தில் கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தை இடித்துத் தள்ளி வெட்டவெளி ஆக்கினார்கள். பீரங்கிக்குப் பார்வை மறைக்கக் கூடாது. இதற்கு மேல் கட்டாதே என்று நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. ஒரு அரசன் தன் கோட்டையைக் காப்பதற்காகத் தன் குடிகளின் வீட்டை இடிக்கிறான். அந்த வீடு யாருடையது என்று கேட்டால் உங்கள் கதாநாயகி கிடைக்கலாம்.

அந்த முற்றுகை எப்படி முடிந்தது தெரியுமா? 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்தன, லாலி கிளம்பிவிட்டார். கடல் வழி திறந்திருக்கிற கோட்டையைப் பட்டினி போட முடியாது. கடலும் யாருக்கும் சொந்தமில்லை. 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லாபோர்தொனேயின் கப்பற்படையை அதே வருஷம் அக்டோபர்ப் புயல் சிதைத்துவிட்டது. அந்தக் காலத்தில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இந்தக் கரையில் பெரிய கப்பல்கள் நிற்பதைத் தவிர்த்தன. உங்கள் உலகத்தின் வலிமையான கடற்படைக்கும் இப்படி மூன்று மாதம் கொடுங்கள், அது எதற்கும் ஆகாமல் நிற்கிற மூன்று மாதம்.

படை யாருக்கு விசுவாசம்?

இது சின்ன விஷயம்தான், ஆனால் விட்டுவிட்டால் கதை பொம்மை விளையாட்டாகிவிடும். 11ஆம் நூற்றாண்டில் இலங்கையின் முதலாம் விஜயபாகுவிடம் வேளைக்காரப் படை இருந்தது. கூலிக்குச் சண்டை போட்ட தமிழ் வீரர்கள். சோழர்களை எதிர்த்துப் போகச் சொன்னபோது அவர்கள் மறுத்துக் கலகம் செய்தார்கள். பின்னால் அதே வேளைக்காரர்கள் பொலன்னறுவையில் புத்தரின் புனிதப் பல்லை வைத்திருந்த கோயிலைக் காப்பதாக உறுதி கூறித் தமிழில் கல்வெட்டு வெட்டி வைத்தார்கள். அரசன், கூலி, இனம், தெய்வம் என்று ஒரே படைக்குள் நான்கு இழுப்பு. உங்கள் படை ஒவ்வொன்றுக்கும், எந்தக் கட்டளையை அது மறுக்கும் என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

எழுத உட்காரும்போது

பெயர்களைக் கடைசியில் வையுங்கள். உருட்டிப் புரட்டி வாயில் நுழையாத பெயர் வைத்தால் உலகம் வேறாகிவிடாது. கோல், கழி, உவர், காப்பு மாதிரிச் சின்னச் சொற்களிலிருந்து ஊர்ப் பெயரும் பட்டப் பெயரும் தாமாக வரும். வரைபடம் ஒரே ஒரு பக்கம் போதும்: தண்ணீர், சோறு விளையும் இடம், எல்லைக் கல், சுங்கம் வாங்கும் இடம்.

அப்புறம் சோதனைக்கு ஒரு காட்சி எழுதுங்கள். போர் வேண்டாம், மந்திரம் வேண்டாம். படை கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், அரிசி அளந்து கொடுக்கும் இடத்தில் இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். ஒருத்தருக்கு அளவு குறைந்துவிட்டது. அவர் யாரைத் திட்டுகிறார், யார் பெயரைச் சொல்லாமல் விழுங்குகிறார், அளக்கிறவர் கையில் காப்பு இருக்கிறதா, முறைப்படி நாளைக்கு யார் காவல் என்பதெல்லாம் அந்தப் பேச்சிலேயே வந்துவிட வேண்டும், கதை சொல்பவர் இடையில் புகுந்து விளக்காமல். ஒரு பக்கத்துக்குள் வரவில்லை என்றால் முதல் கேள்விக்குத் திரும்பிப் போய், அந்த இரண்டு பேருக்கும் என்ன வேலை என்று எழுதிவிட்டு மறுபடியும் தொடங்குங்கள்.